கிட்டங்கிச் சாவி யார் கையில?

ரெண்டு மாசமா பதிவுப் பக்கமே வரலை. வேலை அதிகம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம், ஆனா அது நிஜமில்லை. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அதைச் சரி பண்ணிட்டு அப்புறமா எழுதுவோம்னு இருந்தேன். இது தொழில்நுட்பப் பதிவுதான். ஆனா கம்ப்யூட்டர் வேலையில இல்லாதவங்களும் பயப்படாம படிக்கலாம், கடைசியில விஷயம் உங்க வீட்டுக்கும் வரும்.

நான் இருக்கறது ஏர்வாடி. திருநெல்வேலிப் பக்கம் இருக்கற ஏர்வாடி இல்லைங்க. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி, கீழக்கரைக்குப் பக்கத்துல, தர்கா இருக்கற ஊர். மனசு சரியில்லாதவங்களைக் கூட்டிக்கிட்டு தமிழ்நாடு, கேரளான்னு எல்லாப் பக்கமிருந்தும், எல்லா மதத்துக்காரங்களும் இங்க வருவாங்க. எங்க ஊர்ப் பேரைச் சொன்னாலே பலபேருக்கு ஞாபகம் வர்றது 2001 ஆகஸ்ட் 6. அன்னைக்கு விடியக்காலைல ஒரு தனியார் மனநலக் காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க. சங்கிலியால கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியலை. அதுக்கப்புறம் ஒரே வாரத்துல இங்க இருந்த அந்த மாதிரிக் காப்பகங்களை எல்லாம் மூடி, 500 பேருக்கு மேல அரசாங்கம் தன் பொறுப்புல எடுத்துக்கிச்சு. உச்ச நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கா எடுத்து விசாரிச்சது. 2017-ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவத்துலயும் சங்கிலி போடக் கூடாதுன்னு தெளிவாச் சொல்லிடுச்சு.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதே சட்டத்துல இருக்கற இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. எனக்கும் ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் தெரியாது. அதோட 23, 24-வது பிரிவுகள் நோயாளியோட தகவலை ரகசியமா வெச்சிருக்கணும்னு சொல்லுது. காகிதத்துல இருக்கறது மட்டுமில்லை, மின்னணு வடிவத்துல எங்க சேமிச்சு வெச்சிருந்தாலும் அந்த உரிமை செல்லும்னு தனியா எழுதியே வெச்சிருக்காங்க. அதாவது கிளவுடுல இருக்கற ஃபைலுக்கும்.

இப்ப என் தப்புக்கு வர்றேன்.

மனநலம் சம்பந்தமா வேலை பாக்கற ஒரு சின்ன அமைப்புக்கு நான் பகுதி நேரமா கம்ப்யூட்டர் வேலை செஞ்சு கொடுக்கறேன். பேரும் வேண்டாம், எந்த ஊர்ல இருக்குன்னும் வேண்டாம். அங்க மூணு ப்ரோகிராம் ஓடுது. ஒண்ணு நோயாளி பதிவு, கேஸ் ஷீட்டை ஸ்கேன் பண்ணி வெக்கறது. ரெண்டாவது மருந்து இருப்பு. மூணாவது கணக்கு, நன்கொடை, வருஷ ரிப்போர்ட். மூணும் வேற வேற சர்வர்ல ஓடுது, ஆனா ஃபைல் எல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும்னு அமேசானோட ஈ.எஃப்.எஸ். சேமிப்பகத்துல வெச்சோம். 2022-ல இதைச் செட்டப் பண்ணவன் நான்தான்.

ஈ.எஃப்.எஸ்.னா என்ன? பெரிய குடோன்னு வெச்சுக்கங்க. எங்க பக்கம் பழைய ஆளுங்க கிட்டங்கிம்பாங்க. எத்தனை சர்வர் வேணும்னாலும் ஒரே கிட்டங்கிக்குள்ள போய் சரக்கு வெக்கலாம், எடுக்கலாம். இடம் பத்தலைன்னா தானா பெருசாகும். நான் என்ன பண்ணேன்னா, மூணு சர்வருக்கும் கிட்டங்கியோட மெயின் கதவையே திறந்து விட்டுட்டேன். உள்ள மூணு ஃபோல்டர் போட்டு, 'இது பதிவுக்கு, இது மருந்துக்கு, இது கணக்குக்கு'ன்னு பேர் எழுதி வெச்சேன். அவங்கவங்க அவங்கவங்க ஃபோல்டருக்குத்தான் போவாங்கன்னு ஒரு நம்பிக்கை.

வருஷ ரிப்போர்ட் வேலை வந்துச்சு. 'முகாம் போட்டோ எல்லாம் சேர்த்து நன்கொடை கொடுத்தவங்களுக்கு அனுப்பணும்'னாங்க. படங்களைத் தேடி எடுக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். படம்னு எது கிடைச்சாலும் அள்ளிக்கிட்டு வந்து ஒரே ஜிப் ஃபைலா கட்டிடும். அது கணக்கு சர்வர்லதான் ஓடுச்சு. ஆனா அந்த சர்வர் கண்ணுக்கு மொத்தக் கிட்டங்கியும் தெரியும் இல்லையா? கேஸ் ஷீட் ஸ்கேனும் படம்தானே! அதுல சிலதும் சேர்ந்து கட்டாகி, நாப்பது சொச்சம் பேருக்கு மெயில் போயிடுச்சு.

ஹேக்கர் எவனும் வரலை. பாஸ்வேர்டு எதுவும் திருடு போகலை. எல்லாமே அனுமதியோட, ஒழுங்கா நடந்துச்சு. அதுதான் கொடுமை.

மெயில் வாங்கினவங்கள்ல ஒருத்தர், ஒரு நோயாளியோட சொந்த ஊர்க்காரர். அந்தப் பையனோட தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருந்தாங்க. பேச்சு நின்னுபோச்சு. அவங்க அப்பா ஆபீசுக்கு வந்தார். சத்தம் போடுவார்னு நெனச்சேன், போடலை. "உங்க ஊருக்கு நாங்க இவ்வளவு தூரம் வந்ததே எங்க ஊருக்குத் தெரியக் கூடாதுன்னுதானே தம்பி"ன்னு மட்டும் கேட்டார். எனக்கு வாயில வார்த்தை வரலை.

அப்புறம் உக்காந்து, நான் படிச்சிருக்க வேண்டியதை எல்லாம் படிச்சேன்.

இந்த மாதிரிப் பகிர்வுச் சேமிப்பகத்துக்கு அடியில இருக்கறது என்.எஃப்.எஸ்.ங்கற பழைய முறை. 1984-ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்தது. அந்தக் காலத்துல ஒரே ஆபீசுக்குள்ள, ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச மெஷின்களுக்காகச் செஞ்சது. அதனால வழக்கமான அமைப்புல, வர்ற மெஷின் 'நான் 1001-ம் நம்பர் ஆளு'ன்னு சொன்னா அப்படியே நம்பிடும். கல்யாண வீட்டுல 'நாங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க'ன்னு சொன்னா பந்தியில உக்கார வெக்கற மாதிரி. யார் போய்க் கேக்கறது?

ஈ.எஃப்.எஸ்.லயும் நாம ஒண்ணும் மாத்தாம விட்டா, நெட்வொர்க் வழியா கிட்டங்கி வாசலை எட்டிப் பிடிக்க முடிஞ்ச எந்த மெஷினும் மெயின் கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வரலாம். நெட்வொர்க்ல 2049-ம் போர்ட்டை யாருக்குத் திறந்து விடறோம்ங்கறதுதான் ஒரே காவல். அந்த மெஷின்ல ரூட் யூசரா இருந்தா, உள்ளயும் அவன் ரூட்டுதான். எல்லா ரூமும் அவனுக்குத் திறக்கும்.

இதுக்கு மருந்து ஆக்சஸ் பாயின்ட். (வைஃபை பெட்டியையும் இப்படித்தான் சொல்வாங்க, இது அது இல்லை.) 2020 ஜனவரியிலயே ஈ.எஃப்.எஸ்.ல இந்த வசதி வந்துடுச்சு. நான் செட்டப் பண்ணது 2022-ல. அதனால 'அப்ப இல்லை'ன்னு சாக்கு சொல்லவும் வழியில்லை.

ஆக்சஸ் பாயின்ட்டுங்கறது கிட்டங்கிக்குப் போடற தனி வாசல். ஒவ்வொரு வாசலுக்கும் ரெண்டு விஷயம் எழுதி வெக்கலாம். ஒண்ணு, இந்த வாசல் வழியா வர்றவனுக்கு எந்த ஃபோல்டர் தெரியணும். அந்த ஃபோல்டர்தான் அவனுக்கு உலகமே. அதுக்கு மேல ஏறிப் பாக்க முடியாது. பக்கத்து ரூம் ஒண்ணு இருக்குங்கறதே தெரியாது. ரெண்டாவது, இந்த வாசல் வழியா வர்றவன் யார். அவன் 'நான் ரூட்டு'ன்னு சொன்னாலும் சரி, 'நான் 1001'னு சொன்னாலும் சரி, வாசல்ல நாம எழுதி வெச்ச நம்பர்தான் செல்லும். மாப்பிள்ளை வீட்டுக் கதை இங்க எடுபடாது.

இதுக்குத் தனியாக் காசும் இல்லை. போடறதுக்குப் பத்து நிமிஷம் ஆகாது. ஆனா வாசலைப் போட்டுட்டாப் போதும்னு நெனச்சா, அது இன்னொரு முட்டாள்தனம். அதையும் நான் பண்ணிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன் :-)

முதல் விஷயம். புது வாசல் போட்டாலும் பழைய மெயின் கதவு தானா மூடிக்காது. கிட்டங்கியோட பாலிசியில, 'குறிப்பிட்ட இந்த வாசல்கள் வழியா வராத யாருக்கும் அனுமதி கிடையாது'ன்னு மறுப்பாவே எழுதணும். 'இவங்களுக்கு அனுமதி உண்டு'ன்னு மட்டும் எழுதினா, வேற எங்கயோ ஐ.ஏ.எம்.ல தாராளமா அனுமதி வாங்கி வெச்சிருக்கற ஒருத்தன் மெயின் கதவு வழியாவே வந்துடுவான்.

ரெண்டாவது. ஏற்கெனவே இருக்கற ஃபைல்களோட உரிமையாளரை ஆக்சஸ் பாயின்ட் மாத்தாது. வாசல் போட்ட அன்னைக்கு ராத்திரி பதிவு ப்ரோகிராம் ஒரு ஃபைலையும் திறக்க மாட்டேன்னு அடம் புடிச்சது. பழைய ஃபைல் எல்லாம் ரூட் பேர்ல, புது வாசல் வழியா வர்றது 3001-ம் நம்பர். உடனே எல்லாருக்கும் கை போற இடம் 777. 'எல்லாரும் எல்லாமும் செய்யலாம்'னு ஒரே கமாண்ட், பிரச்சினை தீர்ந்துடும். எனக்கும் கை போச்சு. அந்த அப்பா முகம் ஞாபகம் வந்துச்சு, கையை எடுத்துட்டேன். விடிய விடிய உக்காந்து ஃபோல்டர் ஃபோல்டரா உரிமையை மாத்தினேன்.

மூணாவது. போட்ட வாசலைத் திருத்த முடியாது. ஃபோல்டரோ நம்பரோ தப்பாப் போச்சுன்னா அழிச்சுட்டுப் புதுசாத்தான் போடணும். அழிச்சா உள்ள இருக்கற ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஒண்ணு கவனிங்க. வாசலை அழிச்ச நேரத்துல ஏற்கெனவே உள்ள இருக்கறவன், தானா வெளிய போற வரைக்கும் உள்ளயேதான் இருப்பான். புதுசா யாரும் வர முடியாது, அவ்வளவுதான். அதனால வாசலை மூடினா, அந்த சர்வர் இணைப்பையும் துண்டிச்சு உறுதி பண்ணிக்கணும்.

நாலாவது. யார் வந்து கனெக்ட் ஆனாங்க, யார் வாசல் போட்டாங்க, அழிச்சாங்கங்கறது கிளவுட்டிரெயில் பதிவுல கிடைக்கும். எந்த ஃபைலைத் திறந்தாங்கங்கறது கிடைக்காது. அது வேணும்னா நம்ம ப்ரோகிராம்லதான் எழுதி வெக்கணும்.

இப்ப எங்க கிட்டங்கிக்கு ஆறு வாசல். பதிவு, மருந்து, கணக்கு மூணுக்கும் ஒவ்வொண்ணு. வெளிய அனுப்பற படங்களுக்குத் தனி ஃபோல்டர், தனி வாசல், அதுக்குள்ள ஒரு ஆள் கையால எடுத்துப் போட்டாத்தான் படம் வரும். பேக்கப்புக்கு ஒண்ணு, அது படிக்க மட்டும். ஆறாவது அவசர வாசல், அதைப் பத்திக் கீழ சொல்றேன். எல்லாத்துக்கும் வேலையோட பேர்தான், ஆளோட பேர் இல்லை. ஆள் இன்னைக்கு இருப்பார், நாளைக்கு வேற வேலைக்குப் போயிடுவார். 'குமார் வாசல்'னு போட்டு வெச்சா, குமார் போய் மூணு வருஷம் ஆனாலும் அதை மூட யாருக்கும் தைரியம் வராது. எதுக்குப் போட்டதுன்னே தெரியாதே!

இதை நண்பர்கள்கிட்ட சொன்னப்ப மூணு விதமா பதில் வந்துச்சு.

ஒருத்தர், "அதான் என்கிரிப்ட் பண்ணியாச்சே, அப்புறம் என்ன?"ன்னார். என்கிரிப்ஷன் கிட்டங்கிச் சுவருக்குக் காவல். டிஸ்க்கைத் தூக்கிக்கிட்டு ஓடறவனுக்கு அது புரியாத எழுத்தாத் தெரியும். கதவு வழியா மரியாதையா வர்றவனுக்கு எல்லாத்தையும் பிரிச்சுத்தான் கொடுக்கும். என் ஸ்கிரிப்ட்டும் அப்படித்தான் எடுத்துச்சு. எங்க கிட்டங்கியும் என்கிரிப்ட் பண்ணதுதான்.

எங்க ஆபீஸ்ல கணக்கு பாக்கற காக்கா வேற மாதிரிச் சொன்னார். "நம்ம ஆளுகளுக்குள்ள எதுக்கு தம்பி பூட்டு? என்னையே நம்பலையா?" இதுக்குப் பதில் சொல்லத்தான் கஷ்டமா இருந்துச்சு. இருபது வருஷமா ஒரு ரூபா குறையாம கணக்கு வெச்சிருக்கற மனுஷன். நான் சொன்னேன்: "காக்கா, நீங்க பாப்பீங்கன்னு பூட்டலை. நாளைக்கு ஏதாவது வெளிய போனா, உங்க பேரு அதுல வரக் கூடாதுன்னு பூட்டறேன்." கொஞ்ச நேரம் யோசிச்சார். "அப்ப மருந்துக்காரங்களும் என் கணக்கைப் பாக்க முடியாதுல்ல?"ன்னார். முடியாதுன்னேன். "அப்ப சரி"ன்னுட்டார்.

மூணாவது கேள்விதான் நியாயமானது. ஒரு டாக்டரம்மா கேட்டாங்க. "ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தருக்கு மூர்க்கம் அதிகமாகி, பழைய மருந்து என்னன்னு எனக்கு உடனே தெரியணும், உங்க பதிவு ப்ரோகிராம் படுத்துடுச்சு. அப்ப நான் வாசல் தேடிக்கிட்டு நிக்கணுமா?" அதுக்குத்தான் அந்த ஆறாவது வாசல். படிக்க மட்டும். அதைத் திறந்தா நாலு பேருக்கு மெயில் போகும், மறுநாள் ஏன் திறந்தோம்னு ஒரு வரி எழுதணும். பூட்டுங்கறது நோயாளியைக் காப்பாத்தத்தானே. பூட்டே அவர் உயிருக்கு ஆபத்தா மாறக் கூடாது. எங்க ஊர்க்காரனுக்கு இதைத் தனியாச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சின்ன இடத்துக் கதைன்னு நெனச்சுடாதீங்க. 2020 மே மாசம் ஒரு செய்தி வந்துச்சு. பொதுச் சேவை மையங்கள் வழியா கிராமத்து ஜனங்களையும் கடைக்காரங்களையும் பீம் பணப் பரிமாற்றத்துக்குச் சேர்க்கறதுக்காக வாங்கின ஆவணங்கள், அமேசானோட எஸ்3 சேமிப்பகத்துல யார் வேணா பாக்கற மாதிரித் திறந்து கிடந்துச்சுன்னு விபிஎன்மென்ட்டார்ங்கற ஆராய்ச்சிக் குழு சொல்லுச்சு. 409 ஜி.பி., ஏறக்குறைய 72.6 லட்சம் பதிவுகள். ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், போட்டோ எல்லாம் அதுல இருந்துச்சுன்னாங்க. பீம் செயலியில எந்தத் தகவலும் கசியலைன்னு தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் மறுத்துச்சு. செயலியில கசிவு இல்லைங்கறது சரியாவே இருக்கலாம். ஆனா செயலிக்குக் கொடுத்த காகிதம் வேற ஒரு கிட்டங்கியில இருந்தா, சொந்தக்காரனுக்கு ரெண்டும் ஒண்ணுதானே? எஸ்3-ல 2023 ஏப்ரல்ல இருந்து, புதுசாத் திறக்கற சேமிப்பகத்துக்குப் பொது அனுமதி தானாவே அடைச்சு வருது. இத்தனை வருஷம் கழிச்சு, திறந்து வெக்கறது இயல்பு இல்லை, பூட்டி வெக்கறதுதான் இயல்புன்னு அவங்களே மாத்திக்கிட்டாங்க.

என் கருத்து இவ்வளவுதான். பகிர்வுச் சேமிப்பகம்னா எல்லாரும் எல்லாத்தையும் பாக்கறதுன்னு அர்த்தம் இல்லை. இடம் பொதுவா இருக்கலாம், பார்வை பொதுவா இருக்கக் கூடாது. எந்த வேலைக்கு எந்த வாசல்னு முடிவு பண்றது ஏதோ சர்வர் பையனோட வேலைன்னு நிர்வாகிகள் ஒதுங்கிக்கறாங்க. சர்வர் பையனும் (நான்தான்) 'ஓடுதா, ஓடுது'ன்னு விட்டுடறான். ரெண்டு பேரும் ஒரு மேஜையில உக்காந்து, ஒரு காகிதத்துல எழுதணும்: எத்தனை வாசல், எந்த வாசல்ல யாரு, எது வரைக்கும், எப்ப மூடறது. மூணு மாசத்துக்கு ஒருதடவை அதை எடுத்துப் பாக்கணும். தேவையில்லாத வாசலை அடைக்கணும். எங்க இடத்துல முதல் தடவை இப்படி உக்காந்தப்ப அரை மணி நேரம் ஆச்சு. 2022-லயே அந்த அரை மணி நேரத்தைச் செலவு பண்ணியிருக்கலாம்.

ஆக்சஸ் பாயின்ட்டால எல்லாம் தீர்ந்துடும்னும் நான் சொல்லலை. பதிவு வாசலுக்குள்ள உக்காந்திருக்கறவர் கேஸ் ஷீட்டை மொபைல்ல போட்டோ எடுத்தா எந்த வாசலும் தடுக்காது. மொத்தச் சாவியும் வெச்சிருக்கற என்னை மாதிரி ஆளை அது கட்டுப்படுத்தாது. அதுக்கு இன்னொருத்தர் மேற்பார்வை வேணும். இப்ப எங்க இடத்துல பாலிசியை மாத்தணும்னா ரெண்டு பேர் கையெழுத்து.

2001-க்கு அப்புறம் எங்க ஊர்ல ஆளுங்களுக்குப் போட்ட சங்கிலியைப் பத்தி நிறையப் பேசியிருக்கோம். அவங்க காகிதத்துக்கு ஒரு பூட்டு போடணும்னு நான் அன்னைக்கு யோசிக்கலை. அந்தப் பொண்ணுக்கு இன்னும் வேற இடம் அமையலை. பையனை மட்டும் மாசாமாசம் அந்த அப்பா கூட்டிக்கிட்டு வர்றார். என்னைப் பார்த்தா தலையை ஆட்டுவார், பேச மாட்டார்.

உங்கள்ல நிறையப் பேர் ஆபீஸ்ல சர்வர் வேலை பாக்கறவங்கதான். நாளைக்குப் போனதும் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க பகிர்வுச் சேமிப்பகத்தை எத்தனை மெஷின் மெயின் கதவு வழியா மவுண்ட் பண்ணியிருக்குன்னு எண்ணிப் பாருங்க. எண்ணிக்கை எனக்கு வேண்டாம். எப்படி அடைச்சீங்கன்னு மட்டும் பின்னூட்டத்துல சொல்லுங்க, எனக்கும் கத்துக்க நிறைய இருக்கு.

டிஸ்கி: சம்பந்தப்பட்டவங்க யாருன்னு தெரியக் கூடாதுன்னு சில அடையாளங்களை மாத்தி எழுதியிருக்கேன். யாருன்னு தெரிஞ்சவங்க தயவுசெய்து பின்னூட்டத்துல எழுத வேண்டாம். எழுதினா அழிச்சுடுவேன்.